இனிக்கும், பிசுபிசுக்கும், தண்ணீரில் கரையும்: அது என்ன?

2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தபோது, நம் ஊர்ப் பேச்சில் அதிகம் புழங்கிய வாக்கியம் "மருந்துல கெமிக்கல் கலந்துட்டாங்க" என்பதுதான். டீக்கடையிலும் அதே, முகநூலிலும் அதே. நம் எழுத்தாளர்கள் மனம் உடைந்து எழுதிய பதிவுகளிலும் கிட்டத்தட்ட அதே. இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

மருந்தே கெமிக்கல்தான். பாராசிட்டமால் கெமிக்கல், அதைக் கரைக்கிற திரவம் கெமிக்கல், அதில் ஊற்றுகிற தண்ணீரும் கெமிக்கல். "அது தெரியும்ங்க, சும்மா ஒரு வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காதீங்க" என்பீர்கள். தொங்கத்தான் செய்வேன். ஏனென்றால் அந்த வாக்கியம், கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை வாயை மூடி உட்காரவைக்கிறது. எந்தக் கெமிக்கலுக்குப் பதிலாக எந்தக் கெமிக்கல் உள்ளே போனது? போனது எப்படி ஒருவர் கண்ணிலும் நாக்கிலும் மூக்கிலும் படவில்லை?

மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு அந்த பேட்ச்சில் கண்டது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். சுருக்கமாக டி.இ.ஜி. அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 0.1 சதவீதம். கிட்டத்தட்ட ஐந்நூறு மடங்கு. 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் இருந்தவர்கள். பாலில் தண்ணீர் ஊற்றினால் அது கலப்படம். பாட்டிலில் பாதி வேறு ஒரு பொருள் என்றால் அதற்குப் பெயர் ஆள்மாறாட்டம். ஒருவன் இன்னொருவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவன் குரலிலேயே பேசிக்கொண்டு, அவன் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறான்.

அந்தச் சட்டை எங்கே தைக்கப்பட்டது என்று நம் பிளஸ் டூ வேதியியல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு மதிப்பெண் கேள்வியாக. "ஆல்கஹால்களின் கொதிநிலை அதிகமாக இருக்கக் காரணம்: மூலக்கூறுகளுக்கு இடையேயான ஹைட்ரஜன் பிணைப்பு." டிக் அடித்துவிட்டுப் போயிருப்பீர்கள். நானும் அடித்தேன். இந்த வரிக்கும் சிந்த்வாராவுக்கும் சம்பந்தம் இருப்பதாக எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க முடியும். இதே விஷம் இதே வழியில் 1972இல் சென்னையிலேயே குழந்தைகளைக் கொன்றிருக்கிறது.

*

இந்த இடத்தில் "எனக்குக் கெமிஸ்ட்ரின்னா அலர்ஜி" என்று எழுந்து போகப் பார்ப்பவர்களைக் கொஞ்சம் உட்காரச் சொல்கிறேன். நம் இலக்கிய உலகத்தில் பொருள்முதல்வாதி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாத ஆளைப் பார்ப்பதே கடினம். பொருளைப் பற்றிப் பேசினால் மட்டும் கொட்டாவி வந்துவிடுகிறது.

விஷயம் சுலபமானது. ஒரு மூலக்கூறுக்குள் அணுக்களைப் பிணைத்து வைத்திருக்கிற கட்டு வேறு, ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிற பிடி வேறு. முதலாவது உறுதியானது. அதை அறுத்தால் பொருளே மாறிவிடும். இரண்டாவது மெலிசானது, அதில் பத்தில் ஒரு பங்கோ இருபதில் ஒரு பங்கோதான் இருக்கும். ஆனால் நாம் தொட்டும் ஊற்றியும் மோந்தும் நக்கியும் அறிகிற உலகம் அநேகமாக முழுவதும் இந்த மெலிசான பிடிகளின் வேலைதான். திரவமா வாயுவா, சீக்கிரம் ஆவியாகுமா, ஒழுகுமா ஒட்டுமா, எதில் கரையும் என்பதையெல்லாம் அவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

எத்தனாலையும் டைமெத்தில் ஈதரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். எடை ஒன்று. எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஈதரோ பூஜ்யத்துக்குக் கீழே 24 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதாவது நம் ஊர் அறைக்குள் அது வாயு. ஒரே சாமான்கள், வேறு அடுக்கு. எத்தனாலில் ஆக்சிஜனோடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டியிருக்கிறது. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதில் கெட்டிக்காரன். இழுத்ததில் அந்த ஹைட்ரஜன் கிட்டத்தட்ட நிர்வாணமாக நிற்கிறது. பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனில் உபரியாக இருக்கிற எலக்ட்ரான் ஜோடியைப் பார்த்ததும் போய் ஒட்டிக்கொள்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு என்பது இவ்வளவுதான். ஈதரின் ஆக்சிஜன் இரண்டு பக்கமும் கார்பனுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனிடம் கொடுப்பதற்கு ஹைட்ரஜன் இல்லை, அதனால் ஈதர் மூலக்கூறுகள் தமக்குள் இப்படிக் கை கோக்க முடியாது.

ஹைட்ரஜன் பிணைப்பே இல்லாத இடத்திலும் பிடி உண்டு. 5 கார்பன் கொண்ட பென்டேன் நேராக நீண்டிருந்தால் 36 டிகிரியில் கொதிக்கும். அதே அணுக்களை உருண்டையாக மடக்கிவைத்தால் கொதிநிலை 9.5. முருங்கைக்காய்களைக் கட்டாகக் கட்டினால் ஒன்றோடொன்று நீளவாக்கில் ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சம்பழங்களைக் குவித்தால் அங்கங்கே ஒரு புள்ளியில்தான் தொடும். தொடுகிற பரப்பு குறைந்தால் பிடியும் குறையும். இதை லண்டன் விசை என்கிறார்கள். ஊர்ப் பெயரில்லை, பிரிட்ஸ் லண்டன் என்கிற விஞ்ஞானியின் பெயர்.

இப்போது நம் பாட்டிலுக்கு வருவோம். கிளிசரினில் இப்படிப்பட்ட ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கைகள் மூன்று. புரோப்பிலீன் கிளைக்காலில் இரண்டு. டி.இ.ஜி.யிலும் இரண்டு, நடுவில் ஈதர் மாதிரி ஒரு ஆக்சிஜன் கூடுதல். டொலுயீன் என்கிற பெயின்ட் கரைப்பானும் கிளிசரினும் ஏறக்குறைய ஒரே எடை, மூலக்கூறு எடை 92. டொலுயீன் 111 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290இல். அந்த வித்தியாசத்தில் பெரும் பங்கு மூன்று கைகளுடையது. புரோப்பிலீன் கிளைக்கால் 188, டி.இ.ஜி. 245. மூன்றுமே லேசில் ஆவியாகாது. ஆவியாகாத பொருள் மூக்குக்கு எட்டாது, அதனால் வாசனை கிடையாது. கைகள் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் மூன்றும் எந்த விகிதத்திலும் தண்ணீரோடு கலக்கும். ஒழுக வேண்டுமென்றால் மூலக்கூறுகள் ஒருவர் கையை ஒருவர் விட்டுவிட்டு அடுத்தவர் கையைப் பிடித்து நகர வேண்டும். அதனால் மூன்றும் பிசுபிசுப்பு. நாக்கின் இனிப்பு ஏற்பிகளும் இப்படிப்பட்ட கைகளைத்தான் தேடுகின்றன. அதனால் மூன்றும் இனிப்பு. கிளிசரின், கிளைக்கால் என்ற பெயர்களின் வேரே இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்தான்.

நிறமில்லை, மணமில்லை, இனிக்கிறது, பிசுபிசுக்கிறது, தண்ணீரில் கரைகிறது. சட்டை தைத்தாயிற்று.

சட்டைக்குள் இருப்பது வேறு ஆள். டி.இ.ஜி. கல்லீரலுக்குப் போனதும் அங்குள்ள நொதிகள் அதை ஆக்சிஜனேற்றம் செய்து டைகிளைக்காலிக் அமிலமாக்குகின்றன. அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் சேர்ந்து செல்களைக் கொல்கிறது. அதன் தம்பி எத்திலீன் கிளைக்கால் ஆக்சாலிக் அமிலமாகி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகவே உட்கார்ந்துவிடும். கிளிசரினோ நம் உடம்பின் கொழுப்பிலேயே இருக்கிற பொருள். உடம்பு அதைச் சாப்பாடாக்கிக்கொள்ளும். ஊற்றும்போது காட்டுகிற குணத்தை மெலிசான பிடிகள் தீர்மானிக்கின்றன. உள்ளே போனபின் நடப்பதை எந்த அணு எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. முதலாவதைப் பார்த்து இரண்டாவதைச் சொல்லிவிடலாம் என்று நம்பியதில்தான் இந்தச் சாவுகள் எல்லாம்.

*

"அந்த எழவு திரவத்தை எதுக்குங்க மருந்துல ஊத்தணும்?" நியாயமான கேள்வி. அதற்கும் பதில் இதே பாடத்தில் இருக்கிறது. பாராசிட்டமாலுக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக் கைகள் உண்டு, ஆனால் நடுவில் ஒரு பென்சீன் வளையம் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீருக்கு வளையத்தைப் பிடிக்காது. தவிர, பாராசிட்டமால் படிகத்துக்குள் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அந்தப் பிடியை விடுவிக்கவும் தண்ணீர் திணறுகிறது. அறை வெப்பநிலையில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 14 மில்லிகிராம்தான் கரையும். குழந்தைக்கான சிரப்பில் 5 மில்லிலிட்டருக்குச் சாதாரணமாக 120 மில்லிகிராம் வேண்டும், மில்லிக்கு 24. வெறும் தண்ணீரில் கணக்கு உதைக்கிறது. அதனால் ஒரு பக்கம் கார்பனும் இன்னொரு பக்கம் கைகளும் கொண்ட ஒரு நடுவன் தேவை. புரோப்பிலீன் கிளைக்கால் அந்த வேலைக்குத்தான் வருகிறது. மருந்துத் தரத்தில், சொன்ன அளவில் வந்தால் அது பாதுகாப்பானதும்கூட.

1937இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மாசென்கில் என்ற நிறுவனத்துக்கும் இதே தலைவலி. சல்ஃபனிலமைடு என்ற அற்புத மருந்து, மாத்திரையாக இருந்தது. குழந்தைகளுக்குத் திரவமாக வேண்டும் என்று சந்தை கேட்டது. அது தண்ணீரிலும் சரியாகக் கரையாது, ஆல்கஹாலிலும் சரியாகக் கரையாது. ஹரால்ட் வாட்கின்ஸ் என்ற அந்த நிறுவனத்தின் வேதியியலர் டி.இ.ஜி.யில் போட்டுப் பார்த்தார். அழகாகக் கரைந்தது. ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தார்கள். ஆய்வகத்தில் சுவை, தோற்றம், மணம் மூன்றையும் சோதித்தார்கள். மூன்றிலும் பாஸ். சந்தைக்குப் போனது. 100க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பலர் குழந்தைகள்.

சோதித்த மூன்றையும் மறுபடி படியுங்கள். சுவை, தோற்றம், மணம். மூன்றுமே அந்த மெலிசான பிடிகளோடு கட்டுண்ட குணங்கள். சட்டையை மூன்று தடவை சோதித்திருக்கிறார்கள், ஆளை ஒரு தடவைகூட இல்லை. அதைவிடக் கேவலம், அன்றைக்கு இருந்த சட்டத்தின்படி நச்சுத்தன்மையைச் சோதிக்காததே குற்றம் இல்லை. மருந்துக்கு "எலிக்சிர்" என்று பெயர் வைத்திருந்தார்கள், எலிக்சிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே தவறான பெயர். அந்தப் பிடியை வைத்துத்தான் அமெரிக்க அரசு பாட்டில்களைப் பறிமுதல் செய்ய முடிந்தது. அடுத்த ஆண்டே, 1938இல், புதிய மருந்துச் சட்டம் வந்தது.

அதோடு முடிந்ததா? சென்னை 1972. மும்பையின் ஜே.ஜே. மருத்துவமனை 1986: மூளை வீக்கத்துக்குக் கொடுத்த கிளிசரினில் டி.இ.ஜி., 14 பேர். தில்லியை ஒட்டிய குருகிராம் 1998, முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். ஹைட்டி 1996. பனாமா 2006: சீனாவிலிருந்து ஸ்பெயின் வழியாகப் போன பீப்பாய்களைக் கிளிசரின் என்றே காகிதம் சொன்னது. இடையில் மூன்று வியாபாரிகள் கைமாற்றினார்கள், மூவரில் ஒருவரும் சோதிக்கவில்லை. ஜம்முவின் ராம்நகர், 2019 முடிந்து 2020 தொடங்கிய குளிரில். காம்பியா 2022, இந்தியாவில் தயாரான சிரப்போடு தொடர்புபடுத்தப்பட்ட ஏறத்தாழ 70 குழந்தைகள். அதே ஆண்டு உஸ்பெகிஸ்தான். வேறு வேறு நாடு, வேறு வேறு கம்பெனி, ஒரே சட்டை. நடுவில் 1985இல் ஆஸ்திரியாவில் சில வைன்காரர்கள், மெலிந்த வைனுக்கு இனிப்பும் கனமும் கூட வேண்டுமென்று இதே டி.இ.ஜி.யைத் தெரிந்தே ஊற்றிய கூத்தும் உண்டு. வைன் ருசிப்பதையே தொழிலாகக் கொண்ட நாக்குகள் உள்ள ஊர் அது.

*

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன், என் கோபத்தின் பெரிய பங்கு அங்கேதான் போகிறது. பாடம் தவறு என்று சொல்லவில்லை. பாடம் ஒரே திசையில் ஓடுகிறது. அமைப்பைக் கொடுத்துப் பண்பைக் கேட்பார்கள். "எத்தனாலின் கொதிநிலை டைமெத்தில் ஈதரைவிட அதிகம், காரணம் கூறுக." "கிளிசராலின் பாகுத்தன்மை அதிகம், ஏன்?" அமைப்பு தெரிந்தால் பண்பைச் சொல்லலாம். மிகப் பெரிய அறிவுதான் அது, மறுக்கவில்லை. ஆனால் இந்த ரோடு ஒருவழிப் பாதை. பண்பைக் கொடுத்துவிட்டு அமைப்பைக் கேட்டுப் பாருங்கள். "நிறமற்ற, மணமற்ற, இனிப்பான, பிசுபிசுப்பான, நீரில் முழுதும் கரையும் திரவம். இது என்ன?" சரியான விடை: "இதை வைத்துச் சொல்ல முடியாது." அந்த விடைக்கு நம் நாட்டில் எந்தத் தேர்விலும் மதிப்பெண் கிடையாது. நீட் பயிற்சி மையத்தில் இந்தக் கேள்வியைக் கொடுத்தால் பிள்ளைகள் நான்கு விருப்பங்கள் எங்கே என்று கேட்கும். விருப்பங்கள் கொடுத்துவிட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும். "கிளிசரால்" என்று டிக் அடிப்பார்கள். மருந்துக் கம்பெனிக் கிடங்கில் நிற்கிற பட்டதாரியும் அந்தப் பழக்கத்தில்தான் லேபிளைப் பார்த்து டிக் அடிக்கிறார்.

எண்களை வைத்துக்கொண்டு பேசுவோம், இல்லையென்றால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். 20 டிகிரியில் சுத்தக் கிளிசரினின் பாகுத்தன்மை தண்ணீரைவிட ஏறக்குறைய 1,400 மடங்கு, டி.இ.ஜி.யுடையது சுமார் 36 மடங்கு. "அப்போ ஊத்திப் பார்த்தாலே தெரிஞ்சுடுமே!" சுத்தமாக இருந்தால் தெரியும். ஆனால் கிளிசரினில் தண்ணீர் புகுந்ததும் அதன் கைகள் தண்ணீரைப் பிடிக்கப் போய்விடும், பாகு சரசரவென்று இறங்கும். 30 சதவீதம் தண்ணீர் சேர்ந்த கிளிசரின் டி.இ.ஜி.யைவிட இளகலாகவே ஓடும். புரோப்பிலீன் கிளைக்காலோ சுமார் 56 மடங்கு. 56க்கும் 36க்கும் உள்ள வித்தியாசத்தை விரலால் சொல்லிவிடுகிற ஆள் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். அடர்த்தியில் புரோப்பிலீன் கிளைக்கால் 1.04, டி.இ.ஜி. 1.12. லிட்டருக்கு 80 கிராம். ட்ரம்மை உருட்டுகிறவருக்கு அது தெரியப்போவதில்லை. ஹைட்ரோமீட்டர் காட்டும், ஆனால் பாதிக்குப் பாதி கிளிசரினும் தண்ணீரும் கலந்தாலும் அடர்த்தி 1.12 பக்கத்தில்தான் வந்து நிற்கும். ஒரு எண்ணுக்குப் பல சொந்தக்காரர்கள்.

*

இங்கே இன்னொரு கூட்டம் சிரித்துக்கொண்டு வரும். "இதுக்குத்தான் சொல்றோம், பாட்டி வைத்தியத்துக்குத் திரும்புங்க, கெமிக்கலே வேண்டாம்." ரீல்ஸ் முழுக்க இவர்கள்தான். இவர்களோடு சண்டை போடுவதற்கு முன்னால் இவர்கள் மறந்துபோன பாட்டியின் பக்கம் நான் நிற்கிறேன். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிற பாட்டி, கரண்டியிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, இறக்கு என்கிறாள். தண்ணீர் ஆவியாகப் போகப் போகச் சர்க்கரை மூலக்கூறுகள் நெருங்கி வருகின்றன. ஒவ்வொரு சுக்ரோஸுக்கும் எட்டுக் கைகள், அவை ஒன்றையொன்று பிடிக்கப் பிடிக்கப் பாகு கம்பியாகி, உருண்டையாகிறது. வெல்லமானாலும் கதை இதுதான். வெப்பமானியே இல்லாமல் மூலக்கூறுகளின் பிடியை விரல் நுனியில் அளக்கிறாள். தமிழில் இதற்குப் பதம் என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிட அழகான அறிவியல் சொல் கிடையாது.

ஆனால் பதம் அளக்கிறது எதை? எவ்வளவு என்பதை. எது என்பதை அது அளக்காது. அடுப்பில் இருப்பது வெல்லம்தான் என்று பாட்டிக்கு ஏற்கெனவே தெரியும், அவளே உடைத்துப் போட்டாள். பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதையே பதத்தை வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னால் பாட்டியும் தோற்பாள். தொட்டு, மோந்து, நக்கிப் பார்த்து "இயற்கை"யைக் கண்டுபிடித்துவிடலாம் என்று வீடியோ போடுகிறவர், 1937இல் சுவை, தோற்றம், மணம் பார்த்துப் பாஸ் போட்ட ஆய்வகத்தின் நேர் வாரிசு. அவருக்கு அது தெரியாது என்பதுதான் நகைச்சுவை.

பழமொழியையும் இதில் இழுத்துவிடுகிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி. பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே நெருப்பில் ஒரே நேரம் வெந்தது. ஒரு பானையைப் பார்த்து அடுத்த வீட்டுப் பானைக்குப் பதம் சொல்ல முடியுமா? போன மாதம் வந்த ட்ரம் நன்றாக இருந்தது, அதே ஏஜென்ட், அதே லேபிள், ஆகவே இந்த ட்ரம்மும் சரி என்பது அந்த மாதிரி ஒரு கணக்கு.

*

"பேராசையால் செத்த குழந்தைகளுக்கு ஹைட்ரஜன் பிணைப்பைக் காரணம் சொல்லிப் பெரிய ஆட்களைத் தப்பவிடுகிறீர்கள்" என்று ஒரு நண்பர் வாதம் செய்தார். வலுவான வாதம், அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். டி.இ.ஜி. பிரேக் ஆயிலுக்கும் பிசின்களுக்கும் போகிற தொழிற்சாலைச் சரக்கு, மருந்துத் தர புரோப்பிலீன் கிளைக்காலைவிட மலிவு. பணம் மிச்சம் பிடிக்கிற கை ஒன்று எங்கோ இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கைக்கு விலங்கு போட வேண்டும். ஆனால் பேராசை எல்லாப் பொருளிலும் இருக்கிறது. பெட்ரோலை ஊற்றி யாரும் இருமல் மருந்து விற்றதில்லை, மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். பேராசைக்கு ஒளிந்துகொள்ள இடம் வேண்டும், அந்த இடத்தைத்தான் இந்த மூலக்கூறுகள் தருகின்றன. 1937இலிருந்து 2025 வரை, 88 வருடம், திருடன் அதே மறைவிடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறான் என்றால், திருடனை மட்டும் திட்டிவிட்டு மறைவிடத்தைத் திறந்தே வைத்திருப்பதற்குப் பெயர் என்ன?

"மூலப்பொருள் தயாராகும்போதே தவறுதலாக வந்திருக்கும்" என்ற சமாதானத்தையும் ஏற்காதீர்கள். எத்திலீன் ஆக்சைடிலிருந்து எத்திலீன் கிளைக்கால் தயாரிக்கும்போது டி.இ.ஜி. பக்கவிளைவாக வரும். புரோப்பிலீன் கிளைக்கால் வருவது புரோப்பிலீன் ஆக்சைடு வழியாக, அது வேறு பாதை. அந்தப் பாதையில் டி.இ.ஜி. இந்த அளவுக்கு முளைக்காது. 48.6 சதவீதம் என்ற எண் வேதிவினையிலிருந்து வரவில்லை. கிடங்கிலிருந்தோ கடையிலிருந்தோ லாரியிலிருந்தோ வந்திருக்கிறது, அதாவது மனிதர்களிடமிருந்து.

எனக்கு இதில் ஆத்திரம் மூட்டுவது, பூட்டு நம் கையிலேயே இருக்கிறது என்பது. இந்த மூன்றையும் இரட்டைப் பிறவிகளாகக் காட்டுகிற அதே விசைதான் அவற்றைப் பிரித்தும் காட்டும். புது ஷூ பெட்டிக்குள் "தின்னாதே" என்று எழுதிய ஒரு சின்னப் பொட்டலம் இருக்குமே, சிலிக்கா ஜெல். அதன் மேற்பரப்பு முழுக்க ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கைகள், ஈரத்தைப் பிடித்துக்கொள்வது அவற்றால்தான். அதே சிலிக்காவை ஒரு தகட்டில் மெல்லப் பூசி, ஓரத்தில் சிரப்பின் ஒரு பொட்டை வைத்து, ஒரு கரைப்பானை மேலே ஏறவிட்டால், ஒவ்வொரு மூலக்கூறும் சிலிக்காவை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதோ அதற்கேற்பப் பின்தங்கும். பிடி வேறு என்பதால் அவை நிற்கிற இடமும் வேறு. மென்படல வண்ணப்பிரிகை என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். கல்லூரி ஆய்வகத்தில் பிள்ளைகள் பேனா மையை வைத்து விளையாடுகிற சோதனையின் பெரியண்ணன். இதையே துல்லியமாக எண்ணில் வேண்டுமென்றால் வாயு குரோமட்டோகிராஃபி. சூடான நீண்ட குழாய்க்குள் ஆவியாக்கி அனுப்பினால், பிடி குறைந்த புரோப்பிலீன் கிளைக்கால் முதலில் வெளியே வரும், டி.இ.ஜி. பிறகு, கிளிசரின் கடைசியில். ஏறக்குறைய கொதிநிலை வரிசைதான். ஒரு கலவைக்குள் ஆயிரத்தில் ஒரு பங்கு டி.இ.ஜி. இருந்தாலும் காட்டிவிடும்.

பனாமாவுக்குப் பிறகு அமெரிக்க மருந்துத் தர நூல் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். கிளிசரினில் டி.இ.ஜி. பார்க்கிற சோதனையை மாசுப் பட்டியலிலிருந்து தூக்கி, "அடையாளம்" என்ற தலைப்பின் கீழ் வைத்தார்கள். கேட்க அலுவலகச் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனால் அர்த்தம் பெரிது. மாசு என்றால் பொருள் கிளிசரின்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு அழுக்கைத் தேடுகிறோம். அடையாளம் என்றால் இது கிளிசரின்தானா என்பதே இன்னும் தீரவில்லை. இந்தச் சோதனையைத் தாண்டாத ட்ரம்மைக் கிளிசரின் என்று அழைக்கவே கூடாது. மேலே சொன்ன ஒருவழிப் பாதையைச் சட்டத்தின் மொழியில் எழுதினால் இப்படித்தான் எழுத முடியும். விற்றவர் அனுப்பிய பகுப்பாய்வுச் சான்றிதழைக் கோப்பில் குத்திவைப்பதோடு வேலை முடிந்தது என்கிற பழக்கத்துக்கு அதில் இடமில்லை. காகிதத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு கிடையாது.

நம் நாட்டில் என்ன செய்தோம்? காம்பியாவில் மானம் போனதும் 2023 ஜூன் 1 முதல் ஏற்றுமதியாகும் இருமல் மருந்து ஒவ்வொன்றும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டுச் சான்றிதழோடுதான் கப்பலேற வேண்டும் என்று ஆணை போட்டோம். சரியான ஆணை. அப்போது உள்நாட்டில் விற்ற பாட்டிலுக்கு அந்த ஆணை இல்லை. அங்கே தயாரிப்பாளரே சோதித்து தயாரிப்பாளரே சொன்னால் போதும் என்று இருந்தது, அதிகாரிகள் அவ்வப்போது மாதிரி எடுத்தார்கள். சுங்குவார்சத்திரத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற பாட்டிலுக்கு ஒரு சட்டம், சிந்த்வாராவுக்குப் போகிற பாட்டிலுக்கு வேறொன்று என்று இருந்தது. இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இனிக்கும்.